வடக்கத்திக் காடை

ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் மூன்று காரியங்கள் சேர்ந்தாற்போல் நடக்கும். ஈரக்காற்றில் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூல் தொய்ந்துபோய் அப்பாவின் தறி பாதி நாள் நிற்கும். அம்மாவுக்கு இழுப்பு வரும். அம்மா பிறந்த ஊர் ஏரியில் பறவைகள் வந்து இறங்கும். முதல் இரண்டைப் பற்றிப் பேச வீட்டில் யாருக்கும் விருப்பம் இருக்காது. மூன்றாவதைப் பற்றி அம்மா ஒருத்திதான் பேசுவாள். அதுவும் மூச்சு இடம் கொடுத்தால்.

அறுபதுகள் முடிகிற சமயம். சின்ன காஞ்சிபுரத்தில் நெசவாளர் தெரு ஒன்றில் இருந்தோம். அப்பா பட்டு நெய்தார். அம்மா நாடாவுக்கு வேண்டிய நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுப்பாள். நான் மதராஸில் ஓராண்டுப் பயிற்சி முடித்துவிட்டு, ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். இரத்தம், சளி, சிறுநீர். காலையில் வாங்கி வைப்பது, மதியம் பார்ப்பது, மாலையில் எழுதிக் கொடுப்பது. எதையும் வரிசைப்படுத்தி வைத்தால்தான் எனக்கு நிம்மதி. அது படிப்பினால் வந்ததா, பிறவியிலேயே வந்ததா என்று தெரியவில்லை.

அம்மாவின் ஊர் பாலாற்றுக்கு அந்தப் பக்கம். செவிலிமேடு தாண்டி, ஆற்றைக் கடந்து, இன்னும் வெகுதூரம் பஸ்ஸில் போக வேண்டும். பருத்தி நெய்கிற சில வீடுகள், மீதி எல்லாம் பயிர் வைக்கிற குடும்பங்கள். ஊரைவிட ஏரி பெரியது. ஏரிக்கு நடுவில் ஒரு மண் திட்டு இருக்கிறது. கோடையில் அது வெறும் மேடு, ஆடு மேயும். மழை பெய்து ஏரி நிறைந்ததும் திட்டு தீவாகிவிடும். அதில் நிற்கும் கருவேல மரங்களும் நீர்க்கடம்பும் இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பதுபோல் கரையிலிருந்து தெரியும். பறவைகள் வருவது அங்கேதான்.

தீபாவளி கழிந்து மழை விடுகிற ஒரு நாளில் அம்மா அங்கே போவாள். மகள் நான் கூடப் போவேன். தம்பி வீட்டுக்குப் போவதாகத்தான் பேர். முதல் பஸ்ஸில் போய், தம்பி வீட்டில் கை நனைத்துவிட்டு, கரை ஏறிவிடுவாள். சாயங்காலக் கடைசி பஸ் வரும்வரை அங்கேயே. வருஷத்தின் மற்ற நாட்களில் அம்மா தனக்கென்று எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. இந்த ஒரு நாளை மட்டும் கேட்பாள். கேட்பாள் என்றுகூடச் சொல்ல முடியாது. புரட்டாசி முடியும்போதே வானத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவாள்.

அந்த ஊருக்கு எழுதி வைக்காத சில முறைகள் உண்டு. அம்மா சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். தீபாவளிக்கு யாரும் வெடி வெடிக்கக் கூடாது. உண்டிக்கோலை எடுத்துக்கொண்டு யாரும் ஏரிப்பக்கம் போகக் கூடாது. சாவு மேளமும் கரை முனையில் நின்றுவிட வேண்டும். பிணம் அங்கிருந்து சத்தமில்லாமல் போகும். ஏரிப் பறவையின் கறியைத் தின்றவர் கரை ஏறக் கூடாது. கோழிக்கும் காடைக்கும் இந்தக் கட்டு இல்லை. அவை ஏரியை நம்பி வந்தவை அல்ல. கொக்கு, நாரை, வாத்து, மடையான், எது திட்டில் அடைகிறதோ அதற்குத்தான் கட்டு. மீறினால் தண்டம் கிடையாது, பஞ்சாயத்தும் கிடையாது. ஆயுசுக்கும் ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுகிறது, அந்தத் தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் போகிறது, எருச் செலவு மிச்சமாகிறது, ஆக இதில் பக்தியோடு கணக்கும் இருக்கிறது என்று ஒருமுறை சொன்னேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

“கணக்கு இல்லாம இன்னா இருக்குது? ஆனா வெறும் கணக்குக்காக ஒருத்தன் தீபாவளிக்கு வெடி வாங்காம இருப்பானா, வீட்ல பசங்க அழுதுக்கினு இருக்கும்போது?”

கரையில் உட்கார்ந்து நாங்கள் பார்த்த விதம் வேறுவேறு. இரத்த அணுக்களை எண்ணுவதற்கு எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு கண்ணாடித் தட்டு உண்டு. அதில் சிறு சிறு கட்டங்கள் கீறியிருக்கும். சில கட்டங்களில் எண்ணி மொத்தத்தைக் கணக்கிடுவோம். திட்டையும் அதேபோல் மனத்துக்குள் கட்டம் போட்டுக்கொள்வேன். உச்சிக் கிளைகள் மஞ்சள்மூக்கு நாரைக்கு. அதற்குக் கீழே நத்தைக்குத்தியும் அரிவாள்மூக்கனும். பட்டுப்போன கிளைகளில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு நீர்க்காகம். திட்டுக்கும் கரைக்கும் இடையில் விரிந்த தண்ணீரில் கிளுவையும் ஊசிவால் வாத்தும். விளிம்புச் சேற்றில் உள்ளான். கோட்டின் மேலேயே ஓர் அணு உட்கார்ந்திருந்தால் எந்தக் கட்டத்தில் சேர்ப்பது என்பதற்கும் எங்களுக்கு விதி உண்டு. இடதுகோடும் மேல்கோடும் சேர்த்தி, மற்றவை சேர்த்தி இல்லை. இதை அம்மாவுக்கு விளக்கினேன்.

“நீ எண்ணி முடிக்கறதுக்குள்ள அது பறந்து அடுத்த கட்டத்துக்குப் போயிடுச்சுன்னா?” என்று கேட்டாள்.

அணுக்கள் பறப்பதில்லை. அதற்கு விதி இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

அம்மா எண்ண மாட்டாள். ஒரே ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு அது என்ன செய்கிறது என்று பார்ப்பாள். குச்சி கொண்டுவருகிறதா, பக்கத்துக் கூட்டில் திருடுகிறதா, இறங்க இடமில்லாமல் சுற்றிச் சுற்றி வருகிறதா. பக்கத்துத் தெருக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவாள். வாத்துகளும் உள்ளான்களும் இமயமலைக்கும் அப்பாலிருந்து வருகின்றன என்று நூலகத்தில் ஒரு புத்தகத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். அம்மா திட்டைக் கையால் காட்டினாள்.

“அவ்ளோ தூரத்துல இருந்து வந்துட்டு, இங்க வந்து டவுன் பஸ்ஸுல நெருக்கிக்கினு குந்தற மாதிரி குந்துதுங்க பாரு. வர்ற வழியில வேற ஏரியே இல்லியா?”

அந்தக் கேள்விக்குப் புத்தகத்தில் பதில் இல்லை.

நான் எழுத வந்தது ஒரு குறிப்பிட்ட வருஷத்தைப் பற்றி. அந்த வருஷம் மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு வெகுநாள் விடவேயில்லை. சுவர் இடுப்பளவுக்கு ஊறிக் கறுத்தது. அம்மாவுக்கு முதல் மழையிலேயே இழுப்பு கண்டுவிட்டது. வழக்கமாக இரண்டு மூன்று நாளில் தணியும். இந்த முறை தணியவில்லை. படுக்க முடியாது. தலையணைகளை அடுக்கி மடியில் வைத்துக்கொண்டு அவற்றின்மேல் கவிழ்ந்து உட்கார்ந்திருப்பாள். மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்வாங்கும். விடும்போது நெஞ்சுக்குள் ஒரு கதவு கிரீச்சிடும். பக்கத்து அறையில் தறி நின்றிருந்தால் அந்தச் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். அதனால்தானோ என்னவோ, பாவு தொய்ந்திருந்த நாட்களிலும் அப்பா எதையாவது செய்து தறியை ஓட்டிக்கொண்டிருந்தார்.

நானே அம்மாவின் விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தேன். ஒவ்வாமை வந்தால் பெருகும் இயோசினோஃபில் அணுக்கள் இருக்க வேண்டிய அளவுக்கு வெகு மேலே இருந்தன. சாயம் ஏற்றிய கண்ணாடியில் அவை செம்மண் அப்பிய முத்துகள் மாதிரி தெரியும். மற்றவர்களின் இரத்தத்தில் பார்க்கும்போது அழகாகக்கூட இருக்கும். டாக்டர் புதிதாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடனே கேட்காது, சில நாள் ஆகும் என்றார். வீட்டில் வந்து அதை அப்படியே சொன்னேன். அப்பா கேட்டுக்கொண்டார். அம்மா என்னிடம் ஒன்றுதான் கேட்டாள், இரண்டு மூச்சாகப் பிரித்து.

“இந்த வருசம்... போவ முடியுமா?”

பார்க்கலாம் என்றேன். பொய் சொல்லக் கூடாத இடத்தில் நாங்கள் ஆஸ்பத்திரியில் சொல்கிற வார்த்தை அது.

மறுநாள் காலை அப்பா குடை எடுக்காமல் வெளியே போனார். திரும்பி வரும்போது நனைந்த துண்டில் எதையோ சுருட்டி வைத்திருந்தார். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பின்கட்டில் தகரக் கூரைக்கடியில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, மண்சட்டி ஏற்றி, அப்பா குந்தியிருந்தார். அடுப்பு முன்னால் அவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றையும் ஒரு தட்டில் பிரித்துப் பிரித்து வைத்திருந்தார். எதை முதலில் போடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என்னப்பா என்று கேட்டேன். காடை, மார்க்கெட்டில் வந்திருந்தது, இழுப்புக்கு நல்லது என்றார். சீரகத்தைக் கடைசியில் போடுங்கள் என்று சொன்னேன். தலையாட்டினார்.

எலும்பைத் தட்டிப் போட்டுச் சுண்டக் காய்ச்சிய சாறு. அம்மா ஒரு லோட்டாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஊதி ஊதிக் குடித்தாள். அப்பா தொடர்ந்து சில நாள் அதையே செய்தார். ஒவ்வொரு நாளும் துண்டு, மண்சட்டி, மூன்று கல். இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, லோட்டாவின் அடியில் கிடந்த எலும்பை எடுத்துப் பல்லால் கடித்துக்கொண்டே அம்மா கேட்டாள்.

“இன்னாங்க இது, காடைக்கு இவ்ளோ நீட்டுக் காலு?”

அப்பா தலையை நிமிர்த்தவில்லை. “வடக்கத்திக் காடை. அங்கெல்லாம் அப்டித்தான் வளருது.”

அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் மறுபடியும் சிரித்தாள். அந்த மழை தொடங்கியதிலிருந்து அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. லோட்டாவை என் பக்கம் நீட்டி, நீயும் ஒரு வாய் குடி, சளி பிடிக்காது என்றாள். நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அந்த வாரக் கடைசியில் அம்மா படுத்துத் தூங்கினாள். கதவுச் சத்தம் நின்றுவிட்டது. மறுபடியும் விரலில் குத்திப் பார்த்தேன். அணுக்கள் இறங்கியிருந்தன. எதனால் என்று என்னால் சொல்ல முடியவில்லை. மாத்திரை தன் வேலையைத் தொடங்கியிருக்கலாம். மழை இரண்டு நாளாக விட்டிருந்தது. அம்மா தறிப்பக்கம் போகாததால் நூல் தூசு மூக்கில் ஏறவில்லை. சாறு. நான்கும் ஒரே வாரத்தில் நடந்தன. ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் மற்ற மூன்றையும் நிறுத்தியிருக்க வேண்டும். உயிருள்ள ஒரு மனுஷியை வைத்துக்கொண்டு அப்படிச் செய்ய முடியாது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, எதுவா இருந்தா இன்னா என்றார். அவர் முகம் தெளிந்திருந்தது.

அம்மா மறுநாளே கிளம்பத் தயாராகிவிட்டாள்.

மாமா பஸ் நிற்கிற இடத்துக்கே வந்திருந்தார். அம்மாவுக்குத் தம்பி. வாயாடி. என்னைப் பார்த்ததும், டாக்டரம்மா வந்துட்டாங்க, ஊர்ல எல்லாரும் விரலை மறைச்சிக்கோங்க என்று பஸ்ஸில் இருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னார். அவர் மனைவி, எங்கள் அத்தை, அம்மாவின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துவிட்டு, இளைச்சிட்டீங்க அண்ணி என்றாள். இந்த வருஷம் பறவை சீக்கிரமே வந்துவிட்டது, திட்டில் இடம் போதாமல் கரையோர வேலமரங்களிலும் அடைகிறது என்று மாமா வழிநெடுகச் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா அவருக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள்.

கரைமேல் ஏறியபோது வெயில் இல்லை. வானமும் தண்ணீரும் ஒரே சாம்பல். திட்டு அதன் நடுவில் இரைச்சலோடு நின்றது. அந்த இரைச்சலை நான் வருஷத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் அது கல்யாண வீட்டின் சத்தமா, சண்டை வீட்டின் சத்தமா என்று முதலில் புரியாது. அம்மா வழக்கமான இடத்தில், மதகுக்கு மேலே கிடந்த ஒரு கருங்கல்லில் உட்கார்ந்தாள். மாமா வேலையாகப் போய்விட்டார். நான் உச்சிக் கிளையிலிருந்து கட்டம் போட ஆரம்பித்தேன்.

இரண்டாவது வரிசைக்கு வந்தபோது அம்மாவிடம் ஏதோ கேட்டேன். பதில் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் திட்டைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. எங்களுக்கு நேர் கீழே, அலை அடிக்கும் கற்களின் மேல் ஒரு மடையான் நின்றிருந்தது. சாதாரணப் பறவை. உட்கார்ந்திருக்கும்போது சேற்று நிறம், பறந்தால் வெள்ளை. காஞ்சிபுரத்தில் எந்தக் குட்டையிலும் இருக்கும், யாரும் நின்று பார்க்க மாட்டார்கள். அது ஒரு காலை மெதுவாகத் தூக்கி, அடுத்த கல்லின் மேல் வைத்தது. பிறகு இன்னொரு காலை. அம்மா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலதுகை விரல்களை விரித்து, ஒரு நீளத்தை அளந்து, அப்படியே பிடித்துக்கொண்டாள்.

“இவ்ளோதான் இருந்துது,” என்றாள்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் விரல்களையும் பறவையையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் விளங்கியது. இழுப்புக்கு மடையான் சாறு கொடுப்பது எங்கள் தெருவில் புதிதல்ல. ஆடாதொடை கஷாயம் மாதிரி அதுவும் ஒரு வைத்தியம். வேட்டைக்காரர்கள் கூடையில் கொண்டுவந்து விற்பார்கள். ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எனக்குத் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. காடை என்றால் காடை என்று நினைத்தேன்.

அம்மா எழுந்து நின்றாள்.

“நீ குடிச்சியா?”

“இல்லம்மா.”

“நல்லா யோசிச்சு சொல்லு. ஒரு வாய்கூட?”

“இல்ல. எனக்கு நேரமாயிடுச்சுன்னு போயிட்டேன்.”

“அப்ப நீ இரு,” என்று சொல்லிவிட்டு, வயல்பக்கச் சரிவில் இறங்கத் தொடங்கினாள். புல்லைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக வைத்து. பாதி இறங்கியதும் நின்று மூச்சு வாங்கினாள். நானும் பின்னாலேயே இறங்கினேன்.

கீழே மதகுக் கால்வாய் ஓரம் உட்கார்ந்தவளிடம் என்னால் முடிந்த எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்று, அவள் தெரிந்து சாப்பிடவில்லை. இரண்டு, அது இந்த ஏரிப் பறவை என்பதற்கு ஆதாரம் இல்லை. மார்க்கெட்டில் வாங்கியது, எந்தக் குட்டையிலிருந்தும் வந்திருக்கலாம். மூன்று, மருந்துக்காகச் சாப்பிட்டது, ருசிக்காக இல்லை. நான்கு, அது மடையான்தான் என்பதே நமக்கு நிச்சயமில்லை. அம்மா குறுக்கே பேசாமல் கேட்டாள். பிறகு இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

“பகலெல்லாம் மேய எங்க போவுதுங்க? பாலாறு வரைக்கும் போவும், காஞ்சிபுரம் வயலுக்கும் போவும். மேயப் போன எடத்துல புடிச்சா எங்க ஊரு பறவை இல்லன்னு ஆயிடுமா?”

மற்ற மூன்றுக்கும் அவள் பதில் சொல்லவேயில்லை. அவளுக்கு அவை பதில் சொல்ல வேண்டிய விஷயங்களாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

கரைக்குக் கீழே உட்கார்ந்தால் திட்டு தெரியாது. பனைமரத்தில் பாதி உயரம் இருக்கும் மண்மேடு, அதற்குப் பின்னால் இரைச்சல் மட்டும். மேய்ச்சலுக்குப் போகிறவையும் திரும்புகிறவையும் தலைக்குமேல் கடக்கும்போது வயிறு தெரியும். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. கால்வாயில் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தண்ணீர் பச்சையாக, சற்று நாற்றத்தோடு, மாமாவின் வயல்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

மாமா தூக்குவாளியில் டீ எடுத்துக்கொண்டு வந்தார். “இன்னாக்கா, கீழே குந்திக்கினு இருக்கற? மேல ஒனக்காக ஊரே வந்து குந்திக்கினு இருக்குது.”

“மூச்சு வாங்குதுப்பா. ஏற முடியல.”

அம்மா அவரிடம் பொய் சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். மாமா என்னைப் பார்த்தார். நான் டீயை வாங்கிக்கொண்டேன். பாதி வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம், நான் கையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்றாள். கடைசி பஸ்ஸுக்கு வெகுநேரம் முன்னாலேயே எழுந்து பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்தாள். மூச்சு வாங்குகிறது என்று சொன்னவள் வழியில் எங்கும் நிற்காமல் நடந்தாள். மாமா அதைக் கவனித்தாரா என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தறிக்குழியில் இருந்தார். விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பார்த்தாச்சா என்று கேட்டார். அம்மா கால்கூடக் கழுவாமல் குழியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

“எந்த ஏரிப் பறவை அது?”

அப்பாவின் கால் மிதியின் மேல் நின்றது. தெரியாததுபோல் நடிக்க அவர் முயலவில்லை. “விக்கறவன்கிட்ட யாரு ஊரு கேக்கறாங்க. கூடையில இருந்துது. வாங்கனேன்.”

“எங்க ஊரு முறை தெரியுமில்ல உங்களுக்கு.”

“தெரியும். அதான் காடைன்னேன்.” நாடாவைக் கீழே வைத்துவிட்டு, “மூச்சு வந்துதா இல்லியா?” என்று கேட்டார்.

“வந்துது.”

“அப்புறம் இன்னா?”

“அந்த மூச்சை வச்சிக்கினு நான் எங்க போவணும்னு இருந்தேன்னு உங்களுக்குத் தெரியாதா?”

அப்பா விளக்கைத் தணித்துவிட்டுக் குழியிலிருந்து ஏறிவந்தார். அம்மா எழுந்து போய்க் கால் கழுவினாள். சோறு எடுத்து வைத்தாள், எல்லோரும் சாப்பிட்டோம். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் மறுபடி வந்ததே இல்லை. யார் பக்கம் நியாயம் என்று நான் பல தடவை இரண்டு வரிசையாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். அப்பா வரிசையில் எழுதுகிற ஒவ்வொன்றும் அம்மா வரிசைக்கும் பொருந்திவிடுகிறது.

அடுத்த வருஷம் அம்மா போக மாட்டாள் என்று நினைத்தேன். போனாள். பஸ்ஸைவிட்டு இறங்கி, தம்பி வீட்டில் தண்ணீர் குடித்து, ஏரிப்பக்கம் நடந்து, மதகுக் கால்வாய் ஓரம் உட்கார்ந்தாள். அவளுக்கு நெஞ்சு பலவீனம், கரை ஏறும் தெம்பு போய்விட்டது என்று ஊர் முடிவு செய்துவிட்டது. மாமா ஒரு வருஷம் கட்டை வண்டியைப் பூட்டிக்கொண்டு வந்து, கரைமேல் வண்டிப்பாதை போகிற பக்கமாகச் சுற்றிக் கொண்டுபோய் இறக்குகிறேன் என்றார். அம்மா அவரிடம் அதுவரை நான் கேட்டிராத குரலில், மாட்டை அவுத்து வுடு என்றாள். அவர் முகம் விழுந்துவிட்டது. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அண்ணிக்கு எங்கள்மேல் ஏதாவது வருத்தமா என்று கேட்டாள். இல்லை என்றேன். வேறு எதையும் சொல்ல அம்மா எனக்கு அனுமதி தரவில்லை.

இழுப்பு ஒவ்வொரு ஐப்பசியிலும் வந்தது. மாத்திரை முதல் வருஷம் கேட்ட மாதிரி பிறகு கேட்கவில்லை. டாக்டர் வேறு மாற்றினார், ஊசி போட்டார். இன்னொரு வருஷம், மழை பிடித்துக்கொண்டு அம்மா தலையணை மேல் கவிழ்ந்திருந்த ஒரு காலையில், அப்பா வெளியே போய்விட்டுத் திரும்பினார். துண்டு மடிப்புக் கலையாமல் தோளில் கிடந்தது. வாசலில் நின்றிருந்த என்னிடம் மட்டும் கேட்கும்படி சொன்னார்.

“கூடையில இருந்துதும்மா. வாங்கல.”

அவர் உள்ளே போய்த் தறிக்குழியில் இறங்கினார். அன்று முழுவதும் தறி ஓடிக்கொண்டிருந்தது.

கரைமேல் இப்போது நான் மட்டும்தான் ஏறுகிறேன். முதல் முறை தயங்கியபோது, நீ குடிக்கலியே, நீ போ என்று அம்மாதான் அனுப்பினாள். மேலே நின்று வேகமாகப் பார்த்துவிட்டு, இறங்கிவந்து சொல்லுவேன். உச்சிக் கிளையில் மஞ்சள்மூக்கு நாரை, இந்த வருஷம் கொஞ்சம் குறைவு. நத்தைக்குத்தி நிறைய. அரிவாள்மூக்கன் வழக்கம்போல். கரண்டிவாயன் புதிதாக இரண்டு மரத்தில். கிளுவை வந்துவிட்டது, ஊசிவால் வாத்து இன்னும் இல்லை. என் கட்டங்கள் இதற்குத்தான் உபயோகப்பட்டன. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். சில சமயம் இடையில் நிறுத்தி, குச்சி திருடுதா, எது ஜெயிக்குது என்று கேட்பாள். எனக்குத் தெரிந்திருக்காது. நான் எண்ணத்தான் எண்ணியிருப்பேன். மறுபடி ஏறிப் போய், ஒரு பறவையைப் பிடித்துக்கொண்டு அது செய்வதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுவேன்.

போன ஐப்பசியிலும் போனோம். அம்மா இரண்டு இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் கால்வாய் வரைக்குமே வந்தாள். இப்போது மூச்சு வாங்குகிறது என்று அவள் சொன்னால் அது பொய் இல்லை. வானம் மூடியிருந்தது, தூறல் வரும்போலிருந்தது. நான் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவந்து வரிசையாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகும் அம்மா கண்ணைத் திறக்கவில்லை.

“மடையான் வர்லியா?”

இத்தனை வருஷமும் நான் அதை விட்டுவிட்டுத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் கேட்டதில்லை.

“இருக்குதும்மா.”

“எங்க?”

“நான் சரியா பாக்கல.”

“போய்ப் பாத்துக்கினு வா. அதையும் சேத்து சொல்லு.”

ஏறினேன். தூறல் ஆரம்பித்துவிட்டது. அலைக்கற்களின் மேல் வரிசையாக நின்றிருந்தன, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று சற்று இடம் விட்டு. கல்லின் நிறமும் அவற்றின் நிறமும் ஒன்றாக இருந்ததால் எண்ணுவது எளிதாக இல்லை. ஈரம் சொட்டச் சொட்ட நின்று, ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடித்து, எண்ணிக்கொண்டு இறங்கினேன்.